மூணாவது மாடியில தரை கிடையாது

— ஐயோ, கத்தாதீங்க அங்கிள்! பக்கத்து ரூம்ல அப்பா தூங்கறாரு. லிஃப்ட் கீழ விழாது. சத்தியமா விழாது.

— கத்தாம என்ன பண்றது? அவசர பட்டனை அமுக்கினா கம்பெனி ஆள் எடுப்பான்னு பாத்தா, சின்னப் பொண்ணு எடுக்கறே! இது யார் நம்பரு?

— என் நம்பர்தான். இந்த லிஃப்ட்டை மாட்டினதே எங்கப்பாதான். வேலை நடக்கறப்ப, பட்டன் அடிக்குதான்னு பாக்கறதுக்கு என் போன் நம்பரைப் போட்டு வெச்சாங்க. முடிஞ்சதும் மாத்தணும்.

— மாத்தல.

— மாத்தல.

— 'பயப்படாதீங்க. எங்கப்பா வந்துட்டே இருக்காரு.'

— பாரு, மறுபடியும் சொல்றே! எங்க வராரு? இப்பத்தான் தூங்கறாருன்னே!

— அது நான் இல்ல அங்கிள். லிஃப்ட்டு.

— உன் குரலு!

— என் குரல்தான், ஆனா நான் இல்ல. லிஃப்ட் நடுவுல நின்னா அது தானா பேசும். அடிக்கடி பேசும். கண்டுக்காதீங்க.

— லிஃப்ட்டுக்குக் குரல் குடுக்கறதுக்கு நீ யாரும்மா?

— பதினொண்ணாவது படிக்கிறேன். லீவுக்கு அப்பாவோட சைட்டுக்குப் போனேன். ஸ்பீக்கர் கேக்குதான்னு பாக்கணும், ஏதாவது பேசும்மான்னாரு. பேசினேன். மாடிக்கு ஒண்ணு.

— அந்த மாடிக்கு ஒண்ணைத்தான் கேட்டுட்டே வந்தேன். கீழ ஏறினதும், டீ வாங்கப் போறவங்க எனக்கு ஒரு பன்னும் சேத்து வாங்கிட்டு வாங்கங்கறே.

— பசிச்சுது அங்கிள்.

— முதல் மாடி, சுவத்துல சாயாதீங்க, சட்டை போயிடும்.

— பெயிண்ட் ஈரமா இருந்துச்சு.

— ரெண்டாவது மாடி, இங்க எதுவும் வேலை செய்யாது! பாப்பா, இது ஆஸ்பத்திரி. ரெண்டாவது மாடியில இதய டாக்டர் உக்காரப் போறாரு!

— அப்ப அங்க கரண்டே வரல அங்கிள். ஒரு பல்பு கூட எரியல.

— மூணாவது மாடி கண் டாக்டரு. கண்ணுல கட்டுப் போட்டவன் வந்து நிக்கறான்னு வெச்சுக்கோ. கதவு திறக்குது. உடனே நீ, பாத்து கால் வைங்க, தரை கிடையாதுங்கறே!

— கிடையாதுதான்! வெறும் கம்பிதான் இருந்துச்சு. பெயிண்டர் அண்ணன் அதைக் கேட்டுட்டு காலைப் பின்னாடி எடுத்தாரு, தெரியுமா? இல்லன்னா அவரு நேரா ரெண்டாவது மாடிக்குப் போயிருப்பாரு. எல்லாமே அப்ப உண்மை அங்கிள்.

— கேளு பாப்பா. வேலை நடக்கறப்ப உண்மையா இருந்ததை எல்லாம், வேலை முடியறப்ப எடுத்துடணும். அதுக்குத்தான் கடைசி நாள்னு ஒண்ணு இருக்கு. முதல் நாள் வேலையை எவனும் செய்வான். கடைசி நாள் வேலையைச் செய்யறவன்தான் தொழில்காரன்.

— எங்கப்பாவோட லிஃப்ட் கம்பெனி முதலாளியும் இதேதான் சொல்வாராம். திங்கட்கிழமை ஆனா போதும்.

— சொல்வாரா?

— பாதியிலயே எல்லாரும் கொட்டாவி விடுவாங்களாம்.

— ... சரி, அது கிடக்கட்டும். இது ஏன் நின்னுச்சு?

— மணி பத்தாயிடுச்சுல்ல? பத்து மணிக்கு தானா ஆஃப் ஆகற மாதிரி அப்பா டைமர் வெச்சாரு. சிமெண்ட் வேலைக்கு வந்த அண்ணனுங்க ராத்திரியில அதுல ஏறி மேலயும் கீழயும் விளையாடுவாங்க. அந்த டைமரையும் எடுக்கணும்.

— எடுக்கல.

— எடுக்கல.

— 'பயப்படாதீங்க. எங்கப்பா வந்துட்டே இருக்காரு.'

— இது வேற, வயித்தெரிச்சலக் கிளப்பிக்கிட்டு! பாப்பா, முதல்ல உங்கப்பாவை எழுப்பு.

— எழுப்பறேன், எழுப்பறேன். நீங்க யாரு, வாட்ச்மேன் அங்கிளா?

— ... கட்டிடத்தைப் பாத்துக்கறவன்னு வெச்சுக்கோயேன்.

— அப்ப உங்ககிட்ட சொல்லலாம். இதுல அப்பா மேல தப்பே இல்ல. வேலை முடிஞ்ச அன்னிக்கு ஒரு சின்ன கார்டு குடுத்தாரு. அதுல நிஜ அறிவிப்பு இருக்கு, ஒரு அம்மா அழகாப் பேசியிருப்பாங்க. இதைப் போட்டுட்டு, நம்பரையும் டைமரையும் மாத்திடும்மா, உனக்குத்தான் இதெல்லாம் டக்குனு வரும்னாரு. அன்னிக்குப் பாத்து என் ஃபிரண்டுக்குப் பொறந்தநாள். நாளைக்குச் செஞ்சுக்கலாம்னு நினைச்சு, செஞ்சுட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். என்னை நம்பி, எல்லாம் முடிஞ்சதுன்னு அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு. மறுநாள் போனா வாசல்ல பூட்டு.

— வீட்ல உண்மையைச் சொல்லியிருக்கலாமே.

— எப்படிச் சொல்றது? போன கட்டிடத்துல அப்பா சாப்பாட்டு டப்பாவை லிஃப்ட் கூரை மேல மறந்து வெச்சுட்டாரு. ஒரு வாரம் கழிச்சு, ஏறினவங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் மொறைச்சாங்களாம்.

— யப்பா, அந்த டப்பா! படிக்கட்டு வரைக்கும் என்ன நாத்தம்!

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். மேல சொல்லு.

— அப்பவே முதலாளி சொல்லிட்டாரு. இனிமே உன்னோடது ஏதாவது ஒரு கட்டிடத்துல மிச்சம் கிடந்தா, அடுத்த கட்டிடத்துக்கு நீ வராதேன்னு. இப்ப நானே மிச்சம் கிடக்கறேன் அங்கிள், எல்லா மாடியிலயும். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியைத் திறக்கறாங்க. பெரிய டாக்டரும் முதலாளியும் சேந்து லிஃப்ட்ல ஏறுவாங்க. அப்பாவுக்கு வேலை போயிடும். என்னால.

— அழாதே. ஏய், அழாதேம்மா. நான் மூணுக்கும் நாலுக்கும் நடுவுல தொங்கறேன், நானே அழல. ஆமா, நாலாவது மாடிக்கு என்ன சொல்லி வெச்சிருக்கே?

— அது வேணாம் அங்கிள்.

— சொல்லு, நான் என்ன கடிச்சா முழுங்கப் போறேன்?

— நான் போய் அப்பாவை எழுப்பறேன்.

— பாப்பா! பாப்பா, போனை வெச்சுடாதே!

— 'பயப்படாதீங்க. எங்கப்பா வந்துட்டே இருக்காரு.'

— நீ சும்மா இரு சனியனே!

— அங்கிள், நான்தான். எழுப்பிட்டேன். பனியனோட சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பறக்கறாரு. மேல மோட்டார் ரூம் சாவி அவர்கிட்டதான் இருக்கு. ஆள் மாட்டிக்கிச்சுன்னு மட்டும் சொன்னேன். மத்ததைச் சொல்ல வாய் வரல.

— வாசல் கதவு திறந்துதான் இருக்கு. பாப்பா, ஏதாவது பேசிட்டே இரேன். சுவரெல்லாம் கிட்ட வர மாதிரி இருக்கு.

— லிஃப்ட்னா பயமா உங்களுக்கு?

— பயம்னு இல்ல. பழக்கம் இல்ல.

— எங்க முதலாளியும் ஏற மாட்டாரு. எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் படிதான். உடம்புக்கு நல்லதாம். நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிட்டே திட்டுவாராம். பாதி திட்டு காத்தாப் போயிடும்னு அப்பா சொல்வாரு.

— ம். ஒண்ணு சொல்றேன், உன்னோட வெச்சுக்கோ. அந்த ஆளும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கான். எல்லா மாடிக்கும் நானே லிஃப்ட்ல ஏறிப் பாத்தேன், எல்லாம் சரியா இருக்குன்னு. ஏறவே இல்ல.

— ஐயோ, அவருமா! உங்களுக்கு யாரு சொன்னா?

— யாராவது சொல்லணுமா? ஏறியிருந்தா உன் பன்னு கதையை அன்னிக்கே கேட்டிருப்பான்ல?

— அட, ஆமால்ல! அப்ப நாளைக்கு பெரிய டாக்டரோட எப்படி ஏறுவாரு?

— எப்படி ஏறுவான்? யாரும் இல்லாதப்ப வந்து ஒரு தடவை ஏறிப் பழகிக்கணும், வேற வழி?

— பாவம் அங்கிள்.

— பாவம்தான்... ஆ! ஆடுது! பாப்பா, லைட் வந்துடுச்சு, ஆடுது!

— அப்பா வந்துட்டாரு! ஆடல அங்கிள், மேல ஏறுது. ஐயோ, நாலாவது மாடிக்குல்ல போகுது! அங்கிள், காதைப் பொத்திக்கங்க. அப்பா வெளிய நிப்பாரு, அவரையும் பொத்திக்கச் சொல்லுங்க!

— ஏன்? அப்படி என்ன...

— 'நாலாவது மாடி. சொட்டை வராரு, சொட்டை வராரு. எல்லாரும் வேலை செய்யற மாதிரி நடிங்க.'

— அங்கிள்? இருக்கீங்களா? அது உங்களை இல்ல. அது முதலாளிக்கு நாங்க வெச்ச பேரு.

— ஐயோ, முதலாளி! நீங்களா உள்ள? இந்த நேரத்துல இங்க என்ன பண்றீங்க?

— அது எங்கப்பா குரல்தானே? அப்பா யாரை முதலாளிங்கறாரு? அங்கிள்... அங்கிள்?

— பாப்பா, மத்த மாடியில சொன்னதெல்லாம் அப்ப மட்டும்தான் உண்மை. நாலாவது மாடி மட்டும் இப்பவும் சரியா இருக்கு. உங்கப்பா வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கறாரு. வசனமெல்லாம் நீதான் நல்லா எழுதறியே, அவருக்கு ஒரு பதில் சட்டுனு சொல்லும்மா: நான் இங்க என்ன பண்ணிட்டிருக்கேன்?