கடல் நிறக் குளியலறை

குளியலறைச் சுவருக்கு நீலம் பூசுவது நினைப்பதுபோல் சுலபமில்லை, கொமிசேர் ஐயா. சுண்ணாம்பில் நீலத்தைக் கலக்கும்போது கடல் மாதிரிதான் இருக்கும். காய்ந்தபிறகு பார்த்தால் சலவைக்குப் போட்டு வந்த வேட்டி மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் கூட்டிக் கலந்தால் மருந்துக்கடை அலமாரி. நான் சுரண்டிச் சுரண்டிப் பூசினேன். போலீஸ் வாக்குமூலத்துக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்றால் அந்தச் சுவர்தான்.

என் பெயர் தனிஸ்லாஸ். சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவன். இதுவரை யார்மேலும் கை நீட்டியதில்லை. என் மகள் சகாயசெல்வியைக்கூட ஒரு தட்டுத் தட்டியது கிடையாது.

இளவயதில் சைகோனுக்குப் போனபோது கப்பலில் அடித்தட்டில்தான் போனேன். மூட்டைகளுக்கும் வாந்திக்கும் நடுவில் படுக்கை. ஒருநாள் முதல் வகுப்பில் ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கும் அவளுடைய தமிழ் வேலைக்காரிக்கும் இடையில் பேச்சு புரியவில்லை என்று, பிரெஞ்சு தெரிந்த என்னை மேலே கூட்டிப்போனார்கள். அந்த அறையை நான் மறக்கவில்லை. வெள்ளை மரச்சுவர். வட்ட ஜன்னல். பக்கத்திலேயே குளிக்கும் அறை, அதன் தரை ஈரமணல் நிறம். கப்பல் ஆடினால் பிடித்துக்கொள்ள, சுவரோரம் பித்தளை வளையங்களுக்குள் ஒரு தடித்த வெள்ளைக் கயிறு ஓடியது. அம்மாள் என்ன சொன்னாள், நான் என்ன மொழிபெயர்த்தேன் என்பதெல்லாம் போய்விட்டது. கயிறு மட்டும் நிற்கிறது. சைகோனில் இருந்த காலமெல்லாம், என் குடும்பத்துக்கு இப்படி அறைகள் அமைத்துக்கொடுக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடும்பம் இங்கேதான் இருந்தது. மனைவி புஷ்பமேரி, மகள், என் அண்ணன் லூர்துநாதன். அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் கட்டவில்லை. நான் இல்லாத காலத்தில் என் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவர். முதல் நன்மை வாங்க மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனது அவர். அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து விசிறியதும் அவர்தான். நான் லீவில் வந்தபோது சகாயசெல்வி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னை எட்டிப் பார்த்தாள். அதனால் எனக்குப் பொறாமை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். நன்றி கெட்டவன் நானில்லை.

நான் ஒரேயடியாகத் திரும்பி வருவதற்குச் சற்று முன்னால் அண்ணனுக்குப் பாரிசவாயு வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பார். வேலைக்காரி ஆயம்மா குளியலறை வாசல்வரை தாங்கிப் போவாள். உள்ளே பெண்பிள்ளை வரக்கூடாது என்று அவரே கதவைச் சாத்திக்கொள்வார்.

ஆலைத் தொழிலாளிகள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததே, அதற்கு அடுத்த வருஷம் வேலையைத் தொடங்கினேன். வீட்டில் இருந்த இரண்டு படுக்கையறையையும் குளியலறையையும் கப்பல் அறைபோல் மாற்றுகிற வேலை. கொத்தன் அரிகிருஷ்ணன் வட்ட ஜன்னல் என்றதும் சிரித்தான். ஆனாலும் வைத்துக்கொடுத்தான். வீராம்பட்டினத்தில் உடைந்துகிடந்த படகொன்றின் பலகைகளை வண்டியில் ஏற்றிவந்து கட்டில்களுக்குத் தலைப்பலகை செய்தேன். பலகையில் மீன் நாற்றம் போகவில்லை. புஷ்பமேரி பாயை எடுத்துக்கொண்டு கூடத்தில் போய்ப் படுத்தாள். கட்டிலுக்கு மேலே அழகுக்காக மீன்வலை தொங்கவிட்டேன்.

"கொசுவலைய அவுத்துட்டு மீன்வலையக் கட்டிட்டீங்களே. கொசு இன்னா, வாளை மீனா?" என்றாள்.

மகள் சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அந்த மாதங்களில் எனக்கு இருந்த எரிச்சலை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை. குளியலறைத் தரைக்கு சிமெண்டில் மஞ்சள்காவி கலந்து, கூழாங்கல்லால் தேய்க்கச் சொல்லி, முகம் தெரிகிற அளவுக்கு மெருகு ஏற்றியிருந்தேன். அதன்மேல் ஆயம்மா சாக்கை விரித்தாள். நங்கூரம்போல் செய்துவைத்த இரும்பில் ஈரப்பாவாடையைக் காயப்போட்டார்கள். சகாயசெல்வி தன் அறையில் வட்ட ஜன்னலை மறைத்து மாதா படத்தை மாட்டினாள். எல்லாவற்றையும்விட அண்ணன். கைக்கும் காலுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டு, நீலச் சுவரில் கையை ஊன்றி ஊன்றி நடப்பார். சுவர் நெடுகிலும் எண்ணெய்க் கை. நான் பூசப்பூச அந்தக் கை திரும்ப வந்தது. வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் வருத்தமாகச் சிரிப்பார்.

"கடலு அங்கதான தம்பி இருக்குது. எட்டி நடந்தா வந்துடும். அத எதுக்கு ஊட்டுக்குள்ள இஸ்துக்கினு வர்ற?" என்று ஒருநாள் கேட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் இஷ்டம். நல்லாத்தான் இருக்குது," என்றார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இப்போது இரும்புக் கம்பிக்கு வருகிறேன். குளியலறையில் அண்ணன் பிடித்துக்கொள்வதற்காகப் புஷ்பமேரி உழவர்கரைக் கொல்லனிடம் சொல்லி ஒரு கம்பி செய்து, தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் அடித்திருந்தாள். நான் சைகோனில் இருந்தபோது நடந்த வேலை அது. கம்பி உறுதியானது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஈரத்தில் துருப்பிடித்து, என் நீலச் சுவரில் பழுப்பாக வழிந்துகொண்டே இருந்தது.

என்னோடு சைகோனில் வேலைபார்த்த முசே யூஜினும் அவர் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்தார்கள். நான் ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டு போனேன். குளியலறையில் அந்த அம்மாள் கம்பியையும், அண்ணன் உட்கார்ந்து குளிக்கிற, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலியையும் பார்த்தாள். "பாவம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது இல்ல?" என்றாள். அதற்குப்பிறகு அவர்கள் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர்கள் காப்பி குடித்து முடியும்வரை எழுந்திருக்கவில்லை. என் அறைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த வாரமே கம்பியைப் பிடுங்கச் சொன்னேன்.

"அத எடுத்துட்டா மாமா எதப் புடிச்சிக்குவாரு?" என்று புஷ்பமேரி வழி மறித்து நின்றாள்.

"கயிறு வரப்போகிறது. கப்பலில் எல்லாரும் கயிற்றைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்," என்றேன்.

துறைமுகத்துப் பக்கம் நல்ல தடித்த கயிறு வாங்கினேன். பித்தளை வளையங்களும் கிடைத்தன. வளையத்தின் ஆணியைச் செங்கல்வரை இறக்க வேண்டும், அதற்குச் சுவரைக் கொஞ்சம் உடைக்க வேண்டும் என்றான் அரிகிருஷ்ணன். அப்போதுதான் நீலம் ஒரு வழியாக நான் நினைத்த நிறத்துக்கு வந்திருந்தது. உடைக்க வேண்டாம், பூச்சிலேயே பதித்துவிடு என்றேன். பார்வைக்குப் பழைய கம்பியைவிடப் பலமாகத் தெரிந்தது. அண்ணன் வந்து நல்ல கையால் கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"கப்பலையே கட்டி நிறுத்துமே தம்பி இது. என்ன நிறுத்தாதா?" என்றார்.

முதல்முறையாக அவர் முழுமனதோடு பாராட்டியது அதைத்தான். அன்று சாயங்காலம் கயிற்றை நான் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பொறுப்புள்ளவன் செய்கிற காரியம்தானே. தொட்டிப் பக்கத்து வளையம் ஆணியோடு கையில் வந்துவிட்டது. ஓட்டையில் கொஞ்சம் சுண்ணாம்பை வைத்து, ஆணியைத் திரும்பச் சொருகி, மேலே நீலம் தடவினேன். வித்தியாசமே தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் இளைத்த உடம்பு, என் எடை அவருக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புஷ்பமேரியும் சகாயசெல்வியும் பூசைக்குப் புறப்பட்டார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். உண்மையாகவே லேசாக வலித்தது. குளியலறையை ஒட்டிய படுக்கையறையில் நிலைக்கண்ணாடியைச் சுற்றிச் சிப்பி பதிக்கிற வேலை பாக்கி இருந்தது. சிப்பி போதாது என்று ஆயம்மாவைக் கடற்கரைக்கு அனுப்பினேன்.

"பெரியவரு குளிக்கிற நேரமாச்சுங்களே," என்றாள்.

"நான் இருக்கிறேன், போ," என்றேன்.

அண்ணனை நானே குளியலறை வாசல்வரை கூட்டிப்போனேன். ஆயம்மா விரித்திருந்த சாக்கை எடுத்து வெளியே போட்டேன். தரை நன்றாக இருந்தது. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் வந்து சாந்தைக் குழைத்தேன். குழைத்த சாந்து வெகுநேரம் நிற்காது. கொத்து வேலை தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு வளையம் தரையில் விழுந்து உருளுகிற சத்தம். கூடவே அவர் விழுந்த சத்தம். தொட்டியின் விளிம்பு பட்டிருக்க வேண்டும்.

"தம்பி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "தனிசு, கை குடுடா," என்றார். கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட அவர் கத்தி யாரும் கேட்டதில்லை.

நான் சிப்பிகளைப் பதித்துக்கொண்டிருந்தேன். பெரியவை கீழே, சின்னவை மேலே வருகிற மாதிரி. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் சகாயசெல்வியைக் கூப்பிட்டார். பிறகு எங்கள் அம்மாவைக் கூப்பிட்டார், அவள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்புறம் சத்தம் நின்றது. சிப்பி வேலை முடிந்தபிறகு கையைக் கழுவிக்கொண்டு போனேன்.

பூசை முடிந்து புஷ்பமேரி வந்தபோது நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் குளியலறையில் விழுந்து இறந்துவிட்டார் என்று சொன்னேன். ஓடிப்போய்ப் பார்த்தாள். மகள் அங்கேயே உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். புஷ்பமேரி படுக்கையறைக்குள் வந்து கண்ணாடியைப் பார்த்தாள். சாந்து இன்னும் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டாள்.

"நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"மாமா கூப்டாரா?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். "கூப்பிட்டார்," என்றேன்.

அவள் என்னை அடிக்கவில்லை, அழவுமில்லை. கோயிலுக்குக் கட்டிய சேலையோடு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருக்கலாம். இருந்தாலும் அந்த அறைகளை யாருக்காகச் செய்தேன் என்று அவள் ஒருமுறையாவது யோசித்திருக்கலாம்.

வளையம் தெறித்தது விபத்து என்று எழுதுவதா என்று கேட்டீர்கள். வேண்டாம். அது நிற்காது என்று எனக்குத் தெரியும். அவர் விழவேண்டும் என்றுதான் அதைத் திரும்பச் சொருகினேன். என் அண்ணனை நான்தான் கொன்றேன். புஷ்பமேரியிடம் சொல்லாத ஒன்று பாக்கியிருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கதவைத் திறந்தபோது அவர் தலையிலிருந்து ரத்தம் தரையில் பரவியிருந்தது. புதுத் தரை, ஊறிவிட்டால் கறை போகாது. அதனால் ஈரத்துணியைக் கொண்டுவந்து ஓரத்திலிருந்து தொடங்கி நிதானமாகத் துடைத்தேன். தலைப்பக்கம் துடைக்கும்போது அவர் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். துடைத்து முடிக்கும்வரை அவருக்கு மூச்சு இருந்தது.