சுவேதினி போட்ட முடிச்சு

இல்லை சேர், சுவேதினி இனிப் பள்ளிக்கூடம் வரமாட்டாள். எத்தினை தரம் கேட்டாலும் இதுதான் என்ட பதில். வந்தனீங்கள், இருங்கோ. ஐயோ அந்தக் கதிரையில வேண்டாம், அதின்ட கால் ஒண்டு ஆட்டம். இந்த வாங்கில இருங்கோ. கீழ இருக்கிற மீன்பெட்டியில மட்டும் காலை முட்டாதேங்கோ. சத்தமாயும் கதைக்காதேங்கோ, உள்ளுக்கு மனிசி படுத்திருக்கிறா. என்ன, நான்தான் சத்தமாக் கதைக்கிறனோ? இது என்ட வீடு, நான் கதைப்பன்.

ஓ எல் சோதினைக்கு இன்னும் மூண்டு மாசம்தான் எண்டு எனக்கும் தெரியும். விஞ்ஞானத்தில என்ட மகள்தான் வகுப்பில முதலாவது எண்டும் தெரியும். அதைத்தானே நானும் சொல்றன்! அந்த விஞ்ஞானத்தாலதான் இந்த வீடு இப்பிடிக் கிடக்குது. மன்னார் ரவுணில இருந்து மோட்டார்சைக்கிள்ல வாறியள், கரும்பலகையில ரெண்டு அம்புக்குறி கீறுறியள், மணி அடிக்கப் போறியள். அதுக்குப் பிறகு வீட்டில பாடுபடுறது நாங்கள்.

முந்தி வாய் திறவாத பிள்ளை. றிஸ்வி சேர், நீங்கள் விசை படிப்பிக்கத் தொடங்கினியள், இவளுக்கு வாய் நீண்டு போச்சு. ஓடுற சாமானை ஒண்டும் மறிக்காட்டி அது ஓடிக்கொண்டே இருக்குமாம். எடியே, எஞ்சினை நிப்பாட்டினா போட் நிக்குதே, அது என்னடி எண்டு கேட்டன். தண்ணி மறிக்குதாம். துடுப்பால தண்ணியைப் பின்னுக்குத் தள்ளினா, தண்ணி எங்களை முன்னுக்குத் தள்ளுதாம். முப்பது வருசம் கடலுக்குப் போற எனக்குத் தண்ணியைப் பற்றிச் சொல்லித் தாறாள்! சோறு தின்னேக்க ஆர்முடுகல், வேகம் கூடிக்கொண்டு போறதுக்கு அப்பிடிப் பேராம். அதென்ன சொல் சேர்? ஆரும் மனிசர் கதைக்கிற சொல்லோ? தாய் கேட்டுக் கேட்டுச் சிரிப்பா. சிரிச்சுச் சிரிச்சு இன்னும் ஒரு அகப்பை சோறு போடுவா. எனக்குத்தான் பத்திக்கொண்டு வரும்.

சிரிக்காதேங்கோ சேர். நான் பகிடி விடேல்லை.

ரெண்டு கிழமைக்கு முந்திக் காத்துக் கடுமையா வருமெண்டு அறிவிச்சவங்கள் எல்லோ? அண்டைக்கு என்ட போட் கரையில அரைவாசி மண்ணுக்குள்ள தாண்டு போய் நிண்டது. உள்ளுக்கு மழைத்தண்ணி. மேட்டுக்கு ஏத்திவிட ஆக்கள் தள்ளியும் அசையேல்லை. நிப்ராஸ்ட உழவு மெசினைக் கேட்டு எடுத்தனான். நான்தான் ஏறி ஓட்டினனான். முதல் இழுவைக்குச் சில்லு மண்ணுக்குள்ள சுத்தினது, போட் கிடந்த இடத்திலயே கிடந்தது. சரி, கொஞ்சம் பின்னுக்கு எடுத்து ஒரு ஓட்டம் ஓடி வெட்டி இழுப்பம் எண்டு நினைச்சன். எல்லாரும் செய்யிறதுதானே?

எங்கட கரையில ஒரு வழக்கம் இருக்கு, உங்களுக்குத் தெரியாது. போட் இழுக்க முன்னம் சிலுவை போட்டு, அந்தோனியாரே எண்டு எல்லாரும் ஒருக்காக் கூப்பிடுவம். கூப்பிட்டாப் பிறகு ஒருத்தரும் மறிச்சுக் கதைக்கக்கூடாது. அறும், உடையும், கவிழும் எண்ட கதையே வாயில வரக்கூடாது. நாங்கள் கூப்பிட்டு முடியேல்லை, இவள் கத்துறாள். அப்பா, கயிறைத் தொய்ய விட்டு ஓடாதேங்கோ, மெசின் ஓடுற ஓட்டம் முழுக்க ஒரே வெட்டாக் கயிறிலதான் விழும், கயிறு தாங்காது. முதல் தண்ணியை இறையுங்கோ, பாரம் குறையட்டும், பிறகு கயிறை இறுக்கிப்போட்டு மெள்ள இழுங்கோ. இருபது ஆம்பிளையள் நிக்கினம் சேர்! இருபது பேருக்கு முன்னால! லோறன்ஸ் அண்ணை என்னைப் பாத்துச் சிரிக்கிறார். மூடடி வாயை எண்டுபோட்டுக் கியரைப் போட்டன்.

நீங்கள் எண்டா நிப்பாட்டியிருப்பியளோ? உண்மையைச் சொல்லுங்கோ. ஓம், உங்களுக்கென்ன, நீங்கள் நிப்பாட்டியிருப்பியள்.

அவள் சொன்னது சரி எண்டு நான் சொல்லேல்லை, விளங்குதோ? மெசின் பக்கத்து முடிச்சைப் போட்டது ஆர்? அவள்தான். நான் போடுறன் எண்டு பறிச்சுக்கொண்டு போய்ப் போட்டவள். மெசினுக்குப் பின்னால இழுவைப் பெட்டி கொழுவுற ஆணியில வளையமாப் போட்டது. அது அவிண்டு, கயிறு முழுக்கப் பின்னால பறந்தது. என்ட மனிசி மேரிசெல்வி போட்டின்ட முன்பக்கம், அணியத்தடியில உருளைக்கட்டை வைச்சுக்கொண்டு நிண்டவ. முகத்தில அடிச்சது. யாழ்ப்பாணம் வரைக்கும் கொண்டுபோனம். வலது கண் இனிப் பாக்காது எண்டு சொல்லிப்போட்டினம்.

பெரியாஸ்பத்திரியில கேட்டவை, பொலிஸ் கேட்டது, பாதர் கேட்டவர். எல்லாருக்கும் ஒண்டைத்தான் சொன்னனான். மகள் போட்ட முடிச்சு அவிண்டது. அவள் பக்கத்திலதான் நிண்டவள். ஒரு சொல்லுத் திருப்பிக் கதைக்கேல்லை. அண்டையில இருந்து பள்ளிக்கூடம் இல்லை. நான் மறிச்சனான் எண்டு நினைச்சோ வந்தனீங்கள்? நான் மறிக்கேல்லை சேர். அவளாத்தான் போகாமல் நிண்டவள். தாய்க்கு நேரத்துக்கு நேரம் மருந்து விடுறாள், சமைக்கிறாள், என்ட முகத்தைப் பாக்கிறாளில்லை. இப்ப ஆர்முடுகலும் இல்லை, நியூற்றனும் இல்லை. வீடு அமைதியா இருக்கு. எனக்கு இதுதான் வேணும்.

அதென்ன கொப்பி? கூடப் படிக்கிற அபிசாட்டக் குடுத்து உங்களுக்கு அனுப்பினவளோ? எப்ப? தாங்கோ. கண்ணாடி இல்லாட்டியும் நான் வாசிப்பன், நானும் எட்டாம் வகுப்பு.

மெசின் கீறியிருக்கிறாள். போட். அம்புக்குறி. இந்தச் சின்ன ஆள் தாய் போல. கீழ என்ன எழுதியிருக்கிறாள்... ‘சேர், அம்மாவின்ட கண்ணுக்கு நான்தான் காரணம். ஆனால் ஒன்று விளங்கவில்லை. இழுக்க இழுக்க இறுகிற முடிச்சுத்தான் போட்டேன். அது ஏன் அவிழ்ந்தது? நான் எங்கே பிழை விட்டேன் என்று சொல்லுங்கோ. அது தெரியும்வரைக்கும் இனி நான் ஒரு கயிறும் கட்டமாட்டேன்.’

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது.

ஏன் என்னையே பாக்கிறியள்? என்ன கேட்டியள்? கயிறோ? கயிறைக் கடல்ல விட்டாச்சு. முழுக்கயிறுமோ எண்டா... நீங்கள் ஒரு மாதிரியான ஆள் சேர். படிச்ச ஆக்களோட இதுதான் கரைச்சல்.

சரி. அந்த மீன்பெட்டியைத் திறவுங்கோ. மெள்ள, அவளுக்குக் கேக்கும். ஓம், அதுதான். ரெண்டு முழத் துண்டு. ஒரு முனை பஞ்சு பஞ்சாப் பிஞ்சு கிடக்கே, கயிறு அறுந்த இடம் அது. சனமெல்லாம் மேரிசெல்வியைத் தூக்கிக்கொண்டு ஓடேக்க, நான் ஆணியைக் கழட்டி இதை எடுத்துச் சாரத்துக்குள்ள வைச்சனான். மனிசிக்குப் பின்னால ஓடாமல் சேர், இதை எடுத்தனான். மற்றப் பக்கத்தில இருக்கிறதுதான் அவளின்ட முடிச்சு. வெட்டலாம், ஆனா வெட்டினா அது அவிண்டதாகாதே. அவிழ்த்திட்டா நான் சொன்னது உண்மையாப் போயிடும் எண்டுதான் ரெண்டு கிழமையா ஸ்குறூ றைவரால நெம்பிப் பாக்கிறன், பல்லாலயும் கடிச்சுப் பாக்கிறன். அவிழுதில்லை சேர்.