வெட்டியெறிந்த நான்கு நொடிகள்

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டு மூச்சுவாங்க அமர்ந்திருக்கும் பேச்சாளப் பெருமக்களே! முதுகுவலியை மறந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் தாங்கியிருக்கும் தாய்மார்களே! தாழ்ந்து பணிகிறேன்.

நம் குருநாதர் நடமாடும் ஒரே ஊமைப்படத்தை மீட்டெடுத்த மேதை என்று என்னைப் புகழ்ந்தார்கள். கைதட்டாதீர்கள் ஐயா! கொஞ்சம் பொறுங்கள், தட்டிய கையே கூசிப்போகும்.

அந்தப் படச்சுருள் பழுதுபார்க்க என் மேசைக்கு வந்தது. வேறு பிரதி கிடையாது. ஓட்டிப் பார்க்கிறேன். குருநாதர் படியிறங்குகிறார். கால் இடறுகிறது. ஐயோ, விழப்போகிறார்! தாங்கியது யார்? சீடர்களா? செல்வர்களா? சீமான்களா? வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து அவர் முழங்கையைப் பிடிக்கிறாள். நிமிர்ந்தவர் அவளைக் கையெடுத்துக் கும்பிடுகிறார். அவள் வெட்கப்பட்டுக் கேமராவைப் பார்க்கிறாள். மொத்தம் நான்கு நொடி.

குருநாதர் இடறலாமா? உலகம் பார்த்தால் என்ன நினைக்கும்? யாரும் எனக்குக் கட்டளையிடவில்லை. நானே கத்தரியை எடுத்தேன்; வெட்டினேன்; ஒட்டினேன்; வெட்டியதை எரித்தேன். அவர் பெருமையைக் காக்கப்போய், அவர் பெருமையையே எரித்தேன்! அன்று நிம்மதியாகச் சாப்பிடவும் செய்தேன். வெட்கக்கேடு!

மறுவாரம் வயதான ஓர் அம்மையார் வந்தார். "தம்பி, எங்கம்மா அங்க வாசல் பெருக்குனவங்க. அந்தப் படத்துல இருக்காங்களாமே? எனக்கு ஆறு வயசுல போயிட்டாங்க. ஒரு போட்டோகூட இல்லப்பா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படி யாரும் இல்லீங்கம்மா." வாய் கூசாமல் சொன்னேன்!

அதன்பின் சோறு இறங்கவில்லை. ஒட்டிய இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் துழாவினேன். ஒரே ஒரு படக்கட்டம் கத்தரிக்குத் தப்பியிருந்தது. அவள் பாய்ந்து வரும் முதல் கணம். நீட்டிய கை மட்டும் தெரிகிறது. அதைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு அம்மையாரின் வீட்டுக்கே போனேன். நடந்ததையெல்லாம் சொல்லி நீட்டினேன்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்! தடவித் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. முகந்தான் மறந்துபோச்சு. அதைப் பாக்கத்தான் வந்தேன்."

அவர் இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அம்மா, இத்தனை பேர் அறியத் தலைகுனிந்து நிற்கிறேன். மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

பெரியோர்களே, இப்போது விளக்கை அணைப்பார்கள். குருநாதர் படியிறங்குவார். படம் ஒரு துள்ளு துள்ளும். பழைய படம், பழுதாகியிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே ஒரு தாய் இருந்தாள். அவளை வெட்டியவன் நான்.

இவ்வளவையும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.