அந்தோனியார் கோயிலில் ஏலம் போன இரும்புத் தொட்டி

பெயர்: அமிர்தநாதன் மரியாயி. வயது: நாற்பத்தொன்று. தொழில்: இறப்பர் பால் வெட்டுதல். சமயம்: கத்தோலிக்கம். விலாசம்: கிளென்மோரா தோட்டம், கீழ்ப்பிரிவு, கித்துல்கல. எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும். ஆனாலும் கையெழுத்து வைக்கிற தாளை நானே வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதும்படி கேட்டு, பின்வருமாறு கூறுகிறேன்.

தோட்டத்துக்குக் கீழே ஆற்றின் மணற்கரையில்தான் எங்கள் பிள்ளைகள் குளிப்பார்கள். படகு விட வருகிற உல்லாசப் பயணிகள் அங்கே நெருப்பு மூட்டிக் குளிர் காய்வார்கள், போகும்போது தணலை மணலால் மூடிவிட்டுப் போவார்கள். பார்த்தால் வெறும் மணல், கீழே நெருப்பு. சென்ற வருடம் என் மகள் அனோஜா அதில் கால் வைத்து, வலது பாதம் வெந்துபோனது. புண் ஆறிய பிறகும் அவள் செருப்பில்லாமல் அந்த மணலில் இறங்கவில்லை. திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

அதன் பின்னர் தோட்டத்து ஆட்களும் டவுன் கடைக்காரர்களும் கூடிப் பேசினோம். நெருப்பு மூட்டுகிறவர்களை விரட்டிக்கொண்டிருக்க முடியாது, அதற்கென்று மணலில் தொட்டிகள் வைப்போம், யார் வேண்டுமானாலும் அதற்குள் மூட்டட்டும் என்று முடிவானது. வெறும் தொட்டி வைத்தால் குப்பைதான் போடுவார்கள், சித்திரம் வெட்டி அழகாக வைத்தால் மதிப்பார்கள் என்று சொன்னவர், டவுனில் இரும்புக் கேட் செய்கிற ஹில்மி. செலவுக்கு இந்த வருட அந்தோனியார் திருநாள் ஏலத்தை ஒதுக்கித் தந்தார் எங்கள் பங்குச் சாமியார். ஏலம் கூவுவது நான். தொண்டை அப்படி.

எங்கள் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். திருநாளுக்கு முந்தின நாளே ஆட்கள் காணிக்கைப் பொருளைக் கோயில் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். யார் வைத்தது என்று கேட்பது மரியாதை இல்லை. ஏலத்தில் எடுத்தவர் பொருளைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் கூவுவோம். அன்று ஒரு பூசணிக்காய் இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது, அதைச் சமைக்கிற எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை. சேவல் மட்டும் ஒரே தடவையில் போய்விட்டது.

அந்தப் பொருட்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய இரும்புத் தொட்டியும் கிடந்தது. இறப்பர் ஷீட் காய வைத்த, இப்போது பாவிக்காமல் மூடிக் கிடக்கிற தோட்டத்துப் புகைக்கூடத்தின் அடுப்புத் தொட்டி என்று பார்த்ததும் தெரிந்தது. தோட்டத்தை நடத்துகிற துரை காணிக்கை கொடுத்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு மனசு நிறைந்துபோனது. கூவினேன். ஹில்மி எடுத்தார், எடுத்த கையோடு முதல் தீத்தொட்டிக்கென்று திருப்பிக் கொடுத்தார். அதன் பின்னர் தன் பட்டறைக்குக் கொண்டுபோய், அனோஜா வரைந்து கொடுத்தபடி விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பாதங்களாக வெட்டினார்.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிய வந்தது. தோட்டத்து வாச்சர் அருள்தாஸ் அந்தத் தொட்டியை ஸ்டோருக்குக் கொண்டுபோகும் வழியில் டிராக்டர் சேற்றில் புதைந்ததால், தொட்டியைக் கோயில் வாசலில் இறக்கி வைத்திருக்கிறார். இறக்கினவர் யாரிடமும் சொல்லாமல் பலாங்கொடைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து தொட்டியைக் காணவில்லை என்றதும், துரை பொலிஸில் முறைப்பாடு செய்தார். நான் எதையும் மறைக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்குகிற சாமானை எங்கே மறைப்பது?

நேற்று மாலை மணற்கரையில் தொட்டிக்கு முதல் நெருப்பு மூட்டியிருந்த நேரம், துரையும் சார்ஜன்டும் அதை எடுத்துப்போக வந்தார்கள். ஹில்மியையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றி அணைக்கும்படி சார்ஜன்ட் சொன்னார். அதற்கு ஹில்மி, "சூட்டோட ஊத்தினா வெல்டிங் விட்டுரும் சேர், ஆறினதும் நானே ஏத்தித் தாறேன்" என்றார். ஆகவே எல்லோரும் காத்திருந்தோம். வந்தவர்கள் வந்தவர்கள்தானே என்று அவர்களுக்கும் பிளேன்டீயும் அவித்த மரவள்ளியும் கொடுத்தேன்.

இருட்டத் தொடங்கியதும் வெட்டிய ஓட்டைகள் வழியாக வெளிச்சம் மணலில் பாதம் பாதமாக விழுந்தது. சின்னப் பிள்ளைகள் அதன்மேல் கால் வைத்து வைத்துச் சுற்றி வந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற அனோஜா செருப்பைக் கழற்றினாள். முதலில் இடது காலை வைத்தாள், பிறகு வெந்த காலை வைத்தாள். நான் அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

துரை அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னர் என்னைக் கூப்பிட்டு, "மரியாயி, இந்தச் சாமான் எப்புடி ஏலம் போனிச்சு?" என்று கேட்டார். நான் வழக்கத்தைச் சொல்லி, "தோட்டம் குடுக்காததை நான் கூவினது தப்புத்தாங்க தொரை. நீங்க இருக்கீங்க, இப்ப மறுபடி கூவுறேன், நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். மணி இல்லாததால் மரவள்ளித் தட்டைக் கரண்டியால் தட்டினேன். துரை ஒரு விலை சொன்னார். நெருப்பு மூட்டுவதைப் பார்க்க வந்திருந்த, டவுனில் இறப்பர் வாங்குகிற புவாட் முதலாளி சும்மா இருக்காமல் அதற்கு மேலே சொன்னார். துரை விடவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று கூவி அவருக்கே முடித்தேன். எடுத்ததும் அவர் சார்ஜன்டைப் பார்த்துச் சிங்களத்தில், "இது இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாகவும் துரை சொன்னார். எழுத்தில் கொடுத்துவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. கூவி விற்றது நான், ஹில்மி அல்ல. ஆகவே அவர் பெயரை இதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தப்பட்ட பொருள் தற்போது எங்கே இருக்கிறது என்று கேட்கப்பட்டது. மணற்கரையில் இருக்கிறது. இன்று காலை அனோஜா அதன் சாம்பலை அள்ளப் போனாள். செருப்பு வீட்டு வாசலில் கிடந்தது.

எழுதியதை நானே வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை. வேறு சொல்ல எதுவும் இல்லை.

(ஒப்பம்) அ. மரியாயி