கேட்டா கெடைக்கணும்

இல்லக்கா, நான் டாக்டர் இல்ல. இந்தக் கோட்டப் பாத்துட்டு எல்லாரும் இப்படித்தான் எழுந்து நின்னுடுறாங்க. நீங்க உக்காருங்க. நான் ஸ்பீச் தெரபிஸ்ட். உங்க அப்பா கீழ நரம்பு வார்டுல ஏழாம் நம்பர் கட்டில்ல இருந்தப்ப தினமும் வந்து பேச வச்சிட்டிருந்தேனே, அது நான்தான். அம்மா சொல்லலையா? சரி, அவங்க சொல்லியிருக்க மாட்டாங்க.

ஒரு அஞ்சு நிமிஷம் உக்காரட்டுமா? உள்ள இப்ப அவருக்கு மருந்துப் புகை வச்சிருக்காங்க, முடிய இருபது நிமிஷமாவது ஆகும், அதுவரைக்கும் யாரையும் விட மாட்டாங்க. காலையில போய்ப் பாத்துட்டுத்தான் வரேன். ஜுரம் கொறஞ்சிருக்கு. ஆக்சிஜனும் கொறச்சிருக்காங்க. ஆனா நெஞ்சுல சளி இன்னும் அப்படியேதான் இருக்கு, ரெண்டு நாள் தாண்டினாத்தான் எதுவும் சொல்ல முடியும்ங்கிறாங்க. அதத்தான் உங்ககிட்டயும் சொன்னாங்களா? அதான் நெலம. நான் கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல.

என் ஃபோன்தான். அடிக்கட்டும், பரவால்ல. எங்க சீனியர் மேடம். அப்புறம் பேசிக்கிறேன்.

இல்ல, நான் நின்னுக்கிறேன். உக்காந்தா கால் ஆடுது. எங்க வீட்டுலயும் இதே திட்டுதான், உனக்கு ஒரு எடத்துல இருப்பே கொள்ளாதான்னு. எங்க அப்பாவுக்கு இன்னும் என் வேல என்னன்னே பிடிபடல. யாராவது கேட்டா, பேச்சுப் போட்டிக்குப் பசங்கள தயார் பண்றான்னு சொல்றாரு. அஞ்சு வருஷம் படிக்க வச்ச மனுஷன். எலும்பு வார்டுல ஒரு நர்சம்மா இருக்காங்க, அவங்க என்னத் தொண்டைன்னுதான் கூப்பிடுவாங்க. தொண்டை வந்துட்டா பாரு, தொண்டை சாப்பிட்டாச்சா பாரு. கேலிதான், ஆனா அதான் சரியான பேருக்கா. பாதி வேல பேச்சு, மீதி வேல முழுங்குறது. பக்கவாதம் வந்தவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாப் போகும். பேச்சும் போகும், முழுங்குறதும் தடுமாறும். ரெண்டையும் நான்தான் பாக்கணும். ஒரு நாளைக்கு இருபத்திரெண்டு பேரு. நான் வந்து எட்டு மாசம் ஆகுது.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா கேக்குறீங்க? சொல்றேன். கொஞ்சம் சுத்தி வரேன், கோவிச்சிக்காதீங்க. நேரா சொன்னா எனக்கு வாய் வராது.

உங்க அப்பாவ மொத நாள் பாத்தப்ப, முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவருன்னு அம்மா சொன்னாங்க. வலது கை அப்படியே கெடந்துச்சு. இடது கை மட்டும் போர்வ மேல எதையோ புடிச்சு திருப்பிக்கிட்டே இருந்துச்சு. பேரு என்ன சார்னு கேட்டேன். வாயத் தொறந்தாரு, காத்துதான் வந்துச்சு. அம்மா உடனே பேரச் சொல்லிட்டாங்க. எத்தன பசங்கன்னு கேட்டேன், ஒரே பொண்ணு, வெளியூர்ல வேல பாக்குறான்னு அதுக்கும் அம்மாதான். நான் சொன்னேன், அம்மா, நீங்க பதில் சொல்லாதீங்க, அவரு தேடட்டும், கஷ்டமாத்தான் இருக்கும், இருந்தாலும் விடுங்கன்னு. பாவம், அன்னைலேர்ந்து நான் வந்தாலே வாயில கைய வச்சிட்டு உக்காந்துப்பாங்க. ஆனா வரதுக்கு முன்னாடி அவருக்குத் தல சீவி, சட்டை பட்டனெல்லாம் போட்டு, டூட்டிக்கு அனுப்புற மாதிரி தயாரா வச்சிருப்பாங்க. பதிமூணு நாள். ஒரு நாள் தவறல.

மூக்குல டியூப் போட்டு அது வழியாத்தான் எல்லாம் போயிட்டிருந்துச்சு. முழுங்குற டெஸ்ட்ல மொத வாரம் தேறல. என்ன டெஸ்ட்னா, பெருசா ஒண்ணுமில்ல, ஒரு ஸ்பூன் தண்ணி குடுத்து, தொண்டையில விரல வச்சுப் பாப்போம், அந்த எலும்பு மேல ஏறி இறங்குதான்னு. அப்புறம் ஆன்னு சொல்லச் சொல்லுவோம். கொரல் கொழகொழன்னு வந்தா, தண்ணி உள்ள எறங்காம அங்கயே நிக்குதுன்னு அர்த்தம். அவருக்கு அப்படித்தான் வந்துச்சு. அதனால தலமாட்டுல ஒரு தாள் ஒட்டுனேன், வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு. படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியட்டுமேன்னு ஒரு கப் படம் போட்டு மேல பெருக்கல் குறி. அந்தத் தாள் என் கையெழுத்துதான். அம்மாவையும் உக்கார வச்சு சொன்னேன். நமக்கெல்லாம் தப்பாப் போனா இருமல் வந்து காப்பாத்தும்மா, இவருக்குத் தொண்டை மரத்துப் போயிருக்கு, இருமவே இருமாது, நேரா நெஞ்சுக்குப் போயிடும்னு. நல்லாக் கேட்டுக்கிட்டாங்க. தண்ணி பாட்டிலக்கூட அவரு கண்ணுல படாம கட்டிலுக்கு அடியில வச்சிருந்தாங்க.

ஆமாக்கா, தெரிஞ்சும் எப்படிக் குடுத்தாங்கன்னுதானே நேத்து நீங்க சத்தம் போட்டீங்க. கேட்டுச்சு. நான் அந்த லிஃப்டுக்குப் பக்கத்துலதான் நின்னேன். நான் மட்டுமில்ல, இந்த வராண்டாவே கேட்டுச்சு. இத்தன வருஷம் கூட இருந்து இப்படி விஷத்த ஊத்துனியே, இனிமே அப்பாவ நான் கூட்டிட்டுப் போயிப் பாத்துக்கிறேன், நீ அந்தப் பக்கமே வராதன்னு. இல்ல, தப்புன்னு சொல்ல வரல. உங்க எடத்துல நான் இருந்தா அதையேதான் கத்தியிருப்பேன். ராத்திரியெல்லாம் ரயில்ல வந்து எறங்குறீங்க, அப்பா இப்படிக் கெடக்குறாரு, கேஸ் ஷீட்ல, சொல்லியும் கேக்காம வீட்டுக்காரங்க டீ குடுத்துட்டாங்கன்னு எழுதியிருக்கு. யாருக்குத்தான் கோவம் வராது.

மறுபடியும் மேடம்தான். இருங்க, சத்தத்த அணச்சிடுறேன்.

எங்க வேலையில ஒரு பழக்கம் இருக்குக்கா. படிக்கிறப்பவே மண்டையில ஏத்திடுவாங்க. பேச்சு வரணும்னா, பேசுனா ஏதாவது நடக்கணும். குழந்த பந்துன்னு சொன்னா, அந்த நொடியே பந்து கையில இருக்கணும். அப்புறம் தரேன்னு சொன்னீங்கன்னா அந்த வார்த்த செத்துரும். பெரியவங்களுக்கும் அதேதான். ஒரு எலெக்ட்ரீசியன் இருந்தாரு, ரெண்டு மாசம் ஒரு வார்த்த கெடையாது, ஒரு நாள் ஃபேனப் பாத்து ஃபேன்னு சொன்னாரு. நான் ஓடிப் போயி சுவிட்சப் போட்டேன். குளுருல பக்கத்துக் கட்டில்காரரு என்னத் திட்டு திட்டுன்னு திட்டுனாரு. ஆனா அதுக்கப்புறம் அவருக்கு ஒவ்வொண்ணா வந்துச்சு. கேட்டா கெடைக்கணும். அதான் எங்களுக்கு எல்லாமே. அது கையில, கால்ல, ரத்தத்துல ஊறிப் போயிருக்கும். யோசிச்சு செய்யிறதில்ல.

போன செவ்வாக்கெழம காலையில பத்தேகாலுக்கு நான் உங்க அப்பாகிட்ட படம் போட்ட அட்டைங்களக் காட்டிட்டிருந்தேன். கட்டில், கதவு, சாவி, கப்பு. பதிமூணு நாளா காட்டுற அதே அட்டைங்க. அன்னைக்கு எனக்கு அவசரம், அவருக்கு அப்புறம் பதினோரு பேரு பாக்கி. கப்பு அட்டைய எடுத்து வைக்கப் போனேன், அவரு இடது கையால என் மணிக்கட்டப் புடிச்சிட்டாரு. நல்ல புடி. கப்பப் பாக்குறாரு, அம்மாவப் பாக்குறாரு, உதடு துடிக்குது. டீ. தெளிவா வந்துச்சுக்கா. கொரலு கொழகொழன்னு வரல, ஒண்ணுமில்ல. டீன்னாரு.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. என் கையில வந்த மொத வார்த்த அது, தெரியுமா? எலெக்ட்ரீசியன் கதையில மேடமும் கூட இருந்தாங்க, அதுல என் பங்கு பாதிதான். இது முழுக்க நான். அம்மா வாயிலேர்ந்து கைய எடுத்துட்டு அழறாங்க, சிரிக்கிறாங்க. எதுத்த கட்டில்காரங்க கை தட்டுறாங்க. அம்மா பிளாஸ்க்ல அவங்களுக்குன்னு டீ வச்சிருந்தாங்க. அவரு கண்ணு அது மேலயே இருக்கு. மறுபடியும் சொல்றாரு, டீ. மூணாவது தடவ சொன்னப்ப கெஞ்சுற மாதிரி இருந்துச்சு.

முழுங்குற டெஸ்ட்டு மறுநாள் புதன்கெழம திரும்ப எடுக்கிறதா இருந்துச்சு. நானேதான் தேதி போட்டிருந்தேன்.

இல்லக்கா, அம்மா எனக்குத் தெரியாம குடுக்கல. நான் போனப்புறமும் குடுக்கல. பிளாஸ்க்க கையில வச்சிட்டு, குடுக்கலாமாம்மான்னு என்னத்தான் கேட்டாங்க. அந்தத் தாளக்கூட காட்டுனாங்க, இதுல வேணாம்னு போட்டிருக்கேம்மான்னு. கேட்டுட்டாரும்மா, இப்பக் குடுக்கலன்னா அந்த வார்த்த போயிடும், குடுங்கன்னு நான்தான் சொன்னேன். அவங்க கப்புல ஊத்துனாங்க. கப்ப வாங்கி நானே புடிச்சேன். நாலு வாய் குடிச்சாரு. இருமல. எவ்ளோ நல்லாக் குடிச்சாருன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன். இருமாதுன்னு அம்மாவுக்குப் பாடம் எடுத்ததே நான்தான்.

வியாழக்கெழம ஜுரம் வந்துச்சு. பெரிய டாக்டர் வந்து யாரு குடுத்தாங்கன்னு கேட்டாரு. நானும் அங்கதான் நின்னேன், அம்மா என்ன ஒரு தடவப் பாத்தாங்க. நான் தரையப் பாத்தேன். அவரு கேட்டாரு சார், மனசு கேக்கல, குடுத்துட்டேன்னாங்க அம்மா. அவ்ளோதான் சொன்னாங்க. அப்புறம் படிக்கட்டுல என்னப் புடிச்சு, எட்டு மாசத்துல வேல போயிட்டா எங்கம்மா போவ, அவரப் பேச வச்ச பொண்ணு நீ, போயி வேலையப் பாருன்னாங்க. நானும் போயி வேலையப் பாத்தேன்க்கா. நாலு நாளு பாத்தேன். இருபத்திரெண்டு பேரு, இருபத்திரெண்டு பேரு. நேத்து நீங்க கத்துறதக் கேட்டப்பக்கூட லிஃப்டுல ஏறிப் போயிட்டேன்.

இன்னைக்குக் காலையில கேஸ் ஷீட்ல எழுதிட்டேன். அந்த வரிய அடிக்கல, அது கூடாது, கீழ நடந்தது நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் பாத்துட்டாங்க போல, அதான் இவ்ளோ ஃபோன். போகணும், போறேன்.

என்னத் திட்டணும்னா திட்டுங்க, புகார் எழுதணும்னா எழுதுங்க, நான் எங்கயும் ஓடிப் போக மாட்டேன். ஆனா அதெல்லாம் மத்தியானம் பண்ணிக்கலாம்க்கா. அம்மா கீழ மருந்துக் கவுண்டருக்குப் பக்கத்துல நிக்கிறாங்க. மேல வரக் கூடாதுன்னு நீங்க சொன்னதுலேர்ந்து படி ஏறல. நான் ரெண்டு தடவ கூப்பிட்டுப் பாத்துட்டேன், எம் பொண்ணு வேணாம்னுட்டான்னு சொல்றாங்க. நீங்க போய்க் கூப்பிடுங்க.