ரெபெக்காளோட ஆயா

ஆமா டாக்டரம்மா, இந்தச் சமாதி மேல இருக்கிறது குளியலறை டைல்ஸ்தான். தொல்லியல்காரங்க கண்ணு, நல்லாவே கண்டுபிடிச்சிட்டீங்க. இங்க வர்ற அத்தன பேரும் அதுல நெத்திய வச்சு அழுதிருக்காங்க, முத்தம் குடுத்திருக்காங்க, ஒருத்தருக்கும் தோணல பாருங்க. டெல் அவீவ்ல ஒரு பல்டாக்டர் வீட்டுக்கு எடுத்தது. அவர் சம்சாரத்துக்கு அந்த நீலம் பிடிக்கல, தூக்கிட்டுப் போயிடுன்னுட்டாங்க. ஒட்டினது நான்தான். உங்க ஊர்ல பாதி ஆயுசு டைல்ஸ் ஒட்டினவன், உங்க எபிரேய பாஷை பின்ன எப்படி வந்துதுன்னு நெனச்சீங்க?

அந்த கேமரா ஒயர இப்பிடி ஓரமா சுருட்டி வைங்க. டீ குடிங்க முதல்ல. மரமிய்யா இலை போட்டிருக்கேன், வயித்துக்கு நல்லது. காலையில நேரமே வந்துட்டீங்க, மலை மேல குடியேறியிருக்கிற யெகுதியேல் ஆளுங்க இறங்கி வர இன்னும் நேரம் இருக்கு. அவங்க வந்துட்டா இதுல துள போட விடமாட்டாங்க. செத்தவங்கள கிளறுறது அவங்க மதத்துல பெரிய பாவம். ஆனா உள்ள இருக்கிறது யாருன்னு அரசாங்கம் எழுதிக் குடுக்கணுமாம். பார்க்காம எப்படி எழுதுவீங்க, சொல்லுங்க.

எனக்குப் புரிஞ்சத நான் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. உள்ள இருக்கிறது பழசுன்னு நீங்க சொன்னா, அவங்க இங்க ஜெபக்கூடம் கட்டுவாங்க. புதுசுன்னு சொன்னா, பழைய திட்டப்படி அவங்க ஊருக்குப் போற ரோடு இதுக்கு மேலயே வரும். அவ்வளவுதானே? சரி. குடிங்க.

எப்பிடி ஆரம்பிச்சுதுன்னா, முதல்ல இங்க கல்லுதான் அடுக்கியிருந்துது. காட்டுப்பன்னி வந்து மூஞ்சிய விட்டுக் கிளற ஆரம்பிச்சுது. அதனால சிமெண்ட் போட்டேன். சிமெண்ட் பார்க்க நல்லால்ல, டைல்ஸ் ஒட்டினேன். எதுக்கு வெறும் கல்லுக்கு அவ்வளவு அக்கறையா? டைல்ஸ்காரன் கை சும்மா இருக்காதும்மா. விடுங்க.

வெயில் பட்டா நீலம் ரோடு வரைக்கும் மின்னும். எங்க பக்கத்து வீட்டு மருமக ஹாலா, கல்யாணமாகி நாலஞ்சு வருஷம், குழந்த இல்ல. அவ ஒரு நாள் வந்து இந்த ஆலிவ் மரக்கிளையில பச்சத்துணி கட்டிட்டுப் போனா. அடுத்த வருஷம் ரெட்டப்புள்ள. அவ புருஷன் அந்த வாரம்தான் குவைத்துல இருந்து லீவுல வந்திருந்தான், அத யாரும் கணக்குல எடுத்துக்கல. அதுக்கப்புறம் துணி கட்ட இடமில்லாம மரம் பொண்ணு மாதிரி சீவி சிங்காரிச்சு நின்னுது. எங்க இமாமுக்கு ஒரு கனவு வந்துது. உள்ள இருக்கிறது நூரிய்யா பீவியாம், கலீஃபா படையோட வந்து, தன் தண்ணிய குதிரைக்குக் குடுத்துட்டு தாகத்துல செத்த புண்ணியவதியாம். குதிரைப் பேரு கூட கனவுல வந்துது. ஊரே சேர்ந்து சுவரெழுப்பி மேல அந்தக் கும்மட்டத்த கட்டினாங்க. கொத்துவேல சரியில்ல, என்னைக் கேக்கல.

அதே நேரத்துல கீழ் ஊர்ல இருந்து உம்மு ஜிரியஸ்னு ஒரு கிறிஸ்தவ அம்மா மெழுகுவர்த்தியோட வந்துட்டாங்க. அவங்க சொன்னது, இது புனித பார்பரா, அப்பனே தலைய வெட்டின பொண்ணு. குளிர்காலத்துல அவ திருநாளைக்குக் கோதுமப் பாயாசம் காய்ச்சி இங்க கொண்டுவந்து எல்லாருக்கும் ஊத்துவாங்க. எங்க பொம்பளைங்க பாயாசத்த குடிச்சிட்டே இது நூரிய்யாதான்னு சண்ட போடுவாங்க. பாயாசம் நல்லாருக்கும், அதனால சண்டைய ரொம்ப வளர்க்கல.

ஷேக் முஆத் வந்தது அதுக்கப்புறம். பக்கத்து டவுன்காரன், சின்ன வயசு, தாடி நெஞ்சு வரைக்கும். சமாதிய கும்பிடுறது அல்லாவுக்கு இணை வைக்கிறதுன்னு மைக்ல கத்தினான். மார்க்கப்படி அவன் சொன்னது சரிதான், ஆனா சொன்ன விதம் இருக்கே. இடிச்சே தீருவேன்னு கிளம்பி வந்தவன் கையில ஒண்ணுமில்ல. என் வீட்டுக் கதவ தட்டி சுத்தியல் கேட்டான். குடுத்தேன். குடுக்காம என்ன செய்ய, பின்னாடி முப்பது பேர் நிக்கிறான். ஓங்கி அடிச்சான், மூணாவது அடியில சுத்தியல் தல கழண்டு வந்து அவன் கால் கட்டைவிரல்ல விழுந்துது. நூரிய்யா தண்டிச்சிட்டான்னு பொம்பளைங்க குலவை போட்டாங்க. அந்தப் பிடி ரொம்ப நாளா ஆடிட்டிருந்துதும்மா. என் சுத்தியல்தானே, எனக்குத் தெரியாதா. சொல்ல மறந்துட்டேன்னு வச்சுக்கோங்க. அந்த மூலையில உடைஞ்ச ரெண்டு டைல் இருக்கு பாருங்க, அது அவன் கைவரிச. ரெண்டு வருஷம் கழிச்சு அதே முஆத் பொண்டாட்டிய கார்ல வச்சு கூட்டிட்டு வந்தான். அவன் கார விட்டு இறங்கல. அவ இறங்கி துணி கட்டினா. கார் கண்ணாடிய ஏத்திட்டு அவன் வேற பக்கமே பார்த்திட்டிருந்தான்.

யெகுதியேலா? அவன் நியூயார்க்குக்காரன். அங்க சோஃபா கடை வச்சிருந்தானாம். ஒரு காலையில தோள்ல துப்பாக்கி, கையில வேதத்தோட வந்து நின்னான். அவங்க ஆதிப்பாட்டி ரெபெக்காள வளர்த்த ஆயா தெபொராள் செத்தப்போ பெத்தேலுக்குக் கீழ ஒரு கருவாலி மரத்தடியில பொதச்சாங்கன்னு அதுல இருக்காம். பெத்தேல் அந்தா தெரியுது, கீழன்னா இங்கதான்னு முடிவு பண்ணிட்டான். நான் சொன்னேன், ஐயா, இது ஆலிவ் மரம், எங்க தாத்தா நட்டது. அந்த மரம் செத்திருக்கும், அதே இடத்துல இது வந்திருக்கும்னான். இந்த நீலம் எங்க பழைய ஆலயத்து நீலம்னு டைல்ஸ தொட்டு அழுதான். நெஜமா அழுதாம்மா, நடிக்கல. அதான் எனக்கு பயமாப் போச்சு. நடிக்கிறவன்கிட்ட பேரம் பேசலாம்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அதுக்கு முன்னாடி வருஷம்தான் ரோட்டுக்குன்னு என் நிலத்துல செவப்பு ஆப்பு அடிச்சிருந்தாங்க. நாங்க வக்கீல் வச்சோம், ஊர்வலம் போனோம், கண்ணீர்ப்புகையில கண்ணு வீங்கினதுதான் மிச்சம். புல்டோசர் வந்த அன்னைக்கு யெகுதியேலும் அவன் ஆளுங்களும் அதுக்கு முன்னாடி படுத்துட்டாங்க. எங்க ஆயா மேல ரோடு போடுவீங்களான்னு. அவங்க ஊருக்குப் போடுற ரோடு, அவங்களே படுத்துட்டாங்க. புல்டோசர்காரன் எங்க ஆளுதான், பக்கத்து ஊர், அவன் என்னைப் பார்க்குறான், நான் அவனைப் பார்க்குறேன், சிரிக்கவும் முடியல. நாங்க அத்தன பேர் சேர்ந்து ஆகாதத ரெபெக்காளோட ஆயா ஒரே காலையில முடிச்சிட்டா. ரோடு வளைஞ்சு போச்சு.

அதோட விட்டிருந்தா நல்லாருந்திருக்கும். சுத்தி வேலி வந்துது. புனித இடம், பாதுகாப்புன்னு போர்டு. என் மரமெல்லாம் வேலிக்குள்ள. காய் பறிக்க மட்டும் வருஷத்துக்கு ரெண்டு மூணு நாள் விடுவாங்க, அதுவும் அவங்களுக்கு மனசிருந்தா. ஊர்ப் பொம்பளைங்க வர்றது நின்னுபோச்சு. உம்மு ஜிரியஸ் வேலிக்கு வெளிய மெழுகுவர்த்திய ஏத்தி வச்சுட்டுப் போவாங்க, பாயாசமும் அங்கதான். ஒரு தடவ நான் கம்பிக்கு அடியில பூந்து உள்ள வந்துட்டேன். யெகுதியேலோட பசங்க தடியால அடிச்சாங்க, இந்தத் தோள் இன்னும் இதுக்கு மேல தூக்காது, பாருங்க. யெகுதியேல் மறுநாள் வந்தான். மன்னிப்பு கேக்கல. வலிக்கு மாத்திர குடுத்துட்டு, ஏன் உள்ள வந்த, உனக்கு இங்க என்ன இருக்குன்னு கேட்டான். ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.

இப்ப எப்படி உள்ள இருக்கேன்னா, அது அவங்க மதத்தோட புண்ணியம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூரியன் விழுந்துட்டா ஓய்வுநாள், அவங்க சுவிட்ச தொடக்கூடாது. லைட்ட போடுன்னு இன்னொருத்தன்கிட்ட சொல்லவும் கூடாது. அதனால யெகுதியேல் வேலி ஓரமா வந்து வானத்தப் பார்த்து, இங்க ரொம்ப இருட்டா இருக்கேன்னு சொல்வான். என்கிட்ட சொல்லல, காத்துகிட்ட சொல்றான். நான் உள்ள போயி, எனக்கு இருட்டா இருக்கேன்னு சொல்லிக்கிட்டே லைட்ட போடுவேன். அப்பறம் மூலையில கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். அவங்க பாட்டுப் பாடுவாங்க. நல்லாத்தான் பாடுவாங்க. நடுவுல தானா எரியிற டைமர் ஒண்ணு வாங்கி மாட்டினான். அது ரெண்டு வாரத்துல கெட்டுப்போச்சு. கெட்டுப்போச்சுன்னுதான் சொல்றேன், மேல கேக்காதீங்க. மறுபடி வாங்கினான், அதுவும் கெட்டுப்போச்சு. ஆயாவுக்கு டைமர் பிடிக்கலன்னு முடிவுக்கு வந்துட்டாங்க. இப்ப நான்தான் இங்க லைட்டு. காவக்காரன்னு சொல்லி கேட் சாவி கூட குடுத்துட்டான், அதானே உங்களுக்குத் திறந்துவிட்டேன்.

நான் யாரை நம்புறேன்னா? கேட்டீங்களே இப்ப. எங்கப்பா தொழுகைய விடமாட்டாரு. நான் நோன்பு புடிப்பேன், சிகரெட் தாகம் வந்தா பாதியில விட்டுடுவேன். எங்க வீட்ல மதத்த நல்லா படிச்சது என் சம்சாரம்தான், ஸுஹைலா. ஜெனின்காரி. கம்யூனிஸ்ட் கட்சிக்காரி, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். மூணு வேதமும் படிச்சிருந்தா, திட்டுறதுக்குன்னே. ஒரு துண்டு நிலத்த மூணு பேருக்கும் தனித்தனியா எழுதிக் குடுத்த பத்திர ஆபீசர உலகத்துலயே வேற எங்கயும் பார்க்கலம்பா. இமாம் வீட்டுக்கு வந்தா ராக்கெட்ல போன ரஷ்யாக்காரன் போட்டோவுக்குக் கீழ உக்கார வச்சு காப்பி குடுப்பா. எங்களுக்குக் குழந்த இல்ல. எங்கம்மா தர்காவுக்குப் போயி துணி கட்டிட்டு வான்னு அழுவாங்க. துணியில சட்ட தைச்சா யாராவது போடவாவது செய்வாங்கம்பா இவ. நான் நடுவுல மாட்டிக்கிட்டு முழிப்பேன்.

அவ போனது பட்டாளம் போட்ட அந்தப் பெரிய ஊரடங்கப்போ. வீட்டு வாசல்ல டாங்கி. நெஞ்சு வலின்னா. ஆம்புலன்ஸ் சோதனைச்சாவடியில நின்னுது, சைரன் சத்தம் வீட்டுக்குள்ள கேக்குது, வண்டி வரல. அவ அத கேட்டுக்கிட்டே படுத்திருந்தா. என் கைய புடிச்சு, அந்த மூணு வேதக்காரங்கள்ள ஒருத்தனையும் கூப்பிடாத, ஒரு வார்த்த ஓதக்கூடாதுன்னா. சரின்னேன். சாகுறப்ப கூட கண்டிஷன் போடுறியேன்னு கேட்டேன், சிரிச்சா. அதான் கடைசி.

ஊர்க் கபர்ஸ்தானுக்குப் போகணும்னா ரோட்டத் தாண்டணும், தாண்டினா சுடுவான். தாண்டினாலும் இமாம் ஓதாம விடமாட்டாரு. ஓதாம பொதச்சேன்னு தெரிஞ்சா எங்கம்மாவே என் மூஞ்சியில முழிக்கமாட்டாங்க. ஊரடங்கு விட்டதும், அவ அண்ணந்தம்பிங்க வந்து ஜெனினுக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னு ஊர்ல சொல்லிட்டேன். ரோடெல்லாம் அடைச்சிருந்த நேரம், யாரு போயி பார்க்கப்போறா. அண்ணந்தம்பிங்ககிட்ட இங்க ஊர்லதான் பொதச்சேன்னு சொன்னேன். எந்த இடம்னு அவங்க கேக்கல.

இந்த மரத்தடிக்கு ரோட்டத் தாண்ட வேணாம், நிழலும் நல்லாருக்கும்மா. நான் வேல விட்டு வர்ற நாள்ல இங்கதான் நோட்டு திருத்திட்டு உக்காந்திருப்பா.

டீ ஆறிப்போச்சு பாருங்க. வேற ஊத்துறேன். வேணாமா?

இல்லம்மா, ஏன் யார்கிட்டயும் சொல்லலன்னு கேக்குறீங்க. யார்கிட்ட சொல்ல? என் பொண்டாட்டின்னா புல்டோசர் நிக்காது. ரெபெக்காளோட ஆயான்னாதான் நிக்கும். நூரிய்யான்னாதான் ஊர்ல கும்மட்டம் கட்டுவாங்க. ஒரு கணக்கு டீச்சருக்காக இந்த நாட்ல எவன் ரோட்ட வளைப்பான்? குழந்த வேணும்னு வந்து அவமேல விழுந்து அழுவாங்க, அதப் பார்த்திட்டு நான் இந்த மூலையில வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். எத்தனையோ தடவ எந்திரிச்சு சொல்லிடலாம்னு தோணியிருக்கு. அவ இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. எனக்கு அவ்வளவு சிரிப்பு வரல.

நீங்க உங்க வேலையச் செய்யுங்க. பழசுன்னு பொய் எழுதச் சொல்லல. புதுசுன்னும் எழுதாம, சரியா தெரியல, சந்தேகமா இருக்குன்னு எழுத முடியுமா? உங்க ஆபீஸ்ல அப்படி எழுதினா ஒத்துக்குவாங்களா? அவளுக்கும் அதான் பிடிக்கும்.

அந்த உடைஞ்ச டைல் பக்கமா விடுங்க ஒயர, அங்க பலகைக்கல்லுக்கு நடுவுல இடைவெளி இருக்கு. கொஞ்சம் வலது பக்கம். தல அங்கதான். மக்கா திசை, கிப்லாவப் பார்த்து வைக்கல, எங்க வீட்டப் பார்த்து வச்சிருக்கேன். ஸ்கிரீன்ல தெரிஞ்சதும் பதறிடாதீங்கம்மா, கறுப்பு ஃபிரேம் கண்ணாடி போட்டிருப்பா. எனக்குக் கழட்ட மனசு வரல, அது இல்லன்னா கிட்ட நிக்கிற ஆளே அவளுக்குத் தெரியாது. மெதுவா விடுங்க.