தங்கைக்கு வந்த போன்

நான் மேற்கண்ட விலாசத்தில் மாமியார், கணவர், கொழுந்தனார், அவர் மனைவி ஆகியோருடன் ஒரே வீட்டில் குடியிருந்து வருகிறேன். வயது முப்பத்து நான்கு. கண்ணாடிக் கடையில் வேலை. கொழுந்தனாரின் மனைவி வேறு யாருமல்ல, என் கூடப்பிறந்த தங்கைதான். அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கையைக் கட்டிக்கொடுத்தார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் நான் கர்ப்பமாக இருந்தபோது, பரிசோதனையில் குழந்தைக்குக் கடுமையான ரத்தக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. தாய், தகப்பன் இருவர் வழியாகவும் வருவது என்று டாக்டர் சொன்னார். அதன்பின் மாமியார், "இதை விட்டுடலாம், அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்றார். என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். என்னை யாரும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கருவைக் கலைத்துவிட்டார்கள். அதன்பின் எனக்குக் கரு தங்கவில்லை.

இந்நிலையில் தங்கை கர்ப்பமானாள். மாமியார் அவளுக்கு மாதுளை உரித்துக் கிண்ணத்தில் கொடுத்தார். மாடிப்படியில் வழுக்கக் கூடாதென்று ரப்பர் விரிப்பு போட்டார். நான் ஏறி இறங்கியதும் அதே படிதான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அதன்பின் அவளுக்கும் அதே பரிசோதனை எடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் எல்லோருடைய போனும் சமையலறையில் மிக்ஸி பக்கத்திலுள்ள ஒரே பிளக்கில்தான் சார்ஜ் ஏறும். யாருக்கு வந்தாலும் பக்கத்தில் இருப்பவர் எடுப்பது வழக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை தங்கை குளித்துக்கொண்டிருந்தபோது பரிசோதனை நிலையத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது. நான்தான் அவள் என்று சொல்லி, கேட்ட பிறந்த தேதியையும் கொடுத்தேன். குழந்தைக்கு அந்தக் கோளாறு இல்லை என்றார்கள். அதன்பின் அவள் ஈரத்தலையோடு வந்தாள். "உனக்கும் அதேதான்டி" என்று சொன்னேன்.

அவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் மாமியாரும் கொழுந்தனாரும் வந்தார்கள். எனக்குச் சொன்னதையே இவளுக்கும் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அதை ஒரு தடவை காதால் கேட்டுவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மாமியார் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டியபடி, "நீ என்ன சொல்றியோ அதான். பெத்துக்கணும்னா பெத்துக்கோ, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"என்கிட்ட ஏன் அத்தை இப்படிக் கேக்கல?" என்று கத்தினேன். அதற்கு அவர், "உன்கிட்ட கேக்காம விட்டேன்ல, அதனாலதான் இவகிட்ட கேக்கறேன்" என்றார். அதன்பின் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். தங்கை அழுதாள், சிரித்தாள், அதன்பின் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கொழுந்தனார் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து என் மேல் புகார் கொடுத்தார்.

இதை எழுதிய அதிகாரி, "மன உளைச்சலால செஞ்சேன்னு போட்டுக்கலாமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம், பொறாமையால் செய்தேன் என்றே எழுதச் சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இந்தத் தடவை என்னைக் கேட்டுத்தான் எழுதினார்கள்.

(ஒப்பம்)